மறைந்து பறப்பதும் மறைத்து வைப்பதும்

(தோழர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



2025-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 14-ஆம் நாள் இரவு, திருவனந்தபுரம் விமான நிலையத்தில் எதிர்பாராத விருந்தாளியாக ஒரு போர் விமானம் வந்து இறங்கிற்று. பிரிட்டிஷ் கடற்படையினுடையது. பெயர் எஃப்-35 பி. விலை 10 கோடி டாலருக்கும் மேல். அரபிக் கடலிலே உலவிக்கொண்டிருந்த ‘பிரின்ஸ் ஆப் வேல்ஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பியது. வானிலை கெட்டது, எரிபொருள் குறைந்தது, தாய்க் கப்பலுக்குத் திரும்ப வழியில்லை. ஆகவே தரையைத் தேடி வந்தது. வந்த இடத்திலே அதன் ஹைட்ராலிக் பொறியில் பழுது என்றார்கள். ஒரு நாள் நின்றது, ஒரு வாரம் நின்றது, மாதம் ஒன்று கடந்தும் நின்றது! கேரளத்து மழை அதன் முதுகிலே கொட்டிற்று. துப்பாக்கி ஏந்திய காவலர் குடையோடு நின்றனர். ‘இந்த இடத்தை விட்டுப் போக மனமில்லை’ என்று அந்த விமானமே சொல்வதுபோலக் கேரளச் சுற்றுலாத் துறை கேலிச் சித்திரம் வெளியிட்டது. பிரிட்டனிலிருந்து பொறியாளர் குழு வந்து பழுது பார்த்த பிறகு, ஜூலை 22-ஆம் நாள், அதாவது 38 நாட்களுக்குப் பிறகு, அது பறந்து சென்றது.

தோழர்களே! அந்த விமானத்தின் பெருமை என்னவென்று தெரியுமல்லவா? எவர் கண்ணிலும் படாமல் பறக்கக் கூடியது என்பதுதான்! எவர் கண்ணிலும் படாமலிருக்கப் பிறந்தது, வாரக்கணக்கில் ஊரார் கண்ணெல்லாம் படும்படி நின்றது. நாடகம் எழுதுபவன் நான். இப்படியொரு காட்சியை நான் எழுதியிருந்தால், ‘மிகையாக இருக்கிறதே’ என்று கத்தரித்திருப்பார்கள்.

“நமக்கேன் இந்த ஆராய்ச்சி? போர்க் கப்பலும் போர் விமானமும் தளபதிகளின் கவலை; விலைவாசியும் வேலையின்மையும் அல்லவா நம் கவலை?” என்று கூட்டத்துக்கு வருமுன் தோழர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் நீங்கள் நாளை தேநீர்க் கடையிலே உட்காரும்போது, எதிரே இருப்பவர் கைப்பேசியைக் காட்டி, “பார்த்தாயா புதுக் கப்பல்! பார்த்தாயா புது விமானம்!” என்று பூரிப்பார். ஒன்று, அவரோடு சேர்ந்து நீங்களும் பூரிப்பீர்கள். அல்லது, புரியாமல் வாயடைத்துப் போவீர்கள். இரண்டும் அரசியல் தொண்டனுக்கு அழகன்று. 2025-26 நிதியாண்டில் இந்திய ஒன்றிய அரசு பாதுகாப்புக்கு ஒதுக்கிய தொகை 6,81,000 கோடி ரூபாய்க்கு மேல். இது சந்தையில் பண்டம் வாங்கும் ஒவ்வொருவரும் கொடுத்த பணம். பணம் கொடுத்தவனுக்குப் பண்டத்தைப் பற்றிப் பேச உரிமையில்லையா?

மேடை சொன்ன விஞ்ஞானம்

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். வகுப்பறையில் விளங்காத விஞ்ஞானம் சில வேளை எனக்கு மேடையில் விளங்கியிருக்கிறது. எங்கள் நாடகமொன்றில் அரண்மனைக் காட்சி. ஆளுயரக் கண்ணாடி ஒன்றை நிறுத்தியிருந்தோம். ஒத்திகையன்று விளக்கைப் போட்டதும், முன் வரிசையில் இருந்தவர்கள் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். கண்ணாடியில் பட்ட ஒளி நேரே அவர்கள் முகத்தில் அடித்தது. விளக்குப் போடும் தோழர் மேடையேறி, ஒன்றும் பேசாமல், கண்ணாடியை ஒரு சாண் திருப்பி வைத்தார். அவ்வளவுதான்! ஒளி பக்கவாட்டுத் திரைக்குப் போய்விட்டது. கண்ணாடி இருந்த இடம் கருநிழலாகத் தெரிந்தது. கண்ணாடி அங்கேதான் இருந்தது. ஒளியும் அதன்மேல் விழுந்தது. ஆனால் திரும்பி வரவில்லை!

‘ஸ்டெல்த்’ என்று உலகம் வியக்கும் மறைவிமானத்தின் சூட்சுமம் இதுதான். ராடார் என்பது இருளிலே வீசும் கைவிளக்குப் போன்றது. கண்ணுக்குத் தெரியாத வானொலி அலையை வீசுகிறது. அது பொருளின்மேல் பட்டுத் திரும்பி வந்தால், ‘இதோ விமானம்’ என்கிறது. திரும்பி வராதபடி செய்துவிட்டால்? விமானத்தின் முகங்களைச் சாய்த்து அமைத்து, அலையை வேறு திசைக்குத் தள்ளிவிடுகிறார்கள். எஞ்சிய அலையை விழுங்கும் பூச்சைத் தடவுகிறார்கள். குண்டுகளை இறக்கையின் கீழே தொங்கவிடாமல் வயிற்றுக்குள் வைக்கிறார்கள். என்ஜினின் வெப்பத்தை மூடி மறைக்கிறார்கள்.

ஆனால் இதிலே கணக்கு ஒன்று இருக்கிறது. ராடார் பார்க்கும் தொலைவைப் பாதியாகக் குறைக்க வேண்டுமானால், திரும்பும் அலையைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைத்தாக வேண்டும். தொலைவு பத்தில் ஒன்றாக வேண்டுமானால், அலை பத்தாயிரத்தில் ஒரு பங்காக வேண்டும். அந்தப் பத்தாயிரத்தில் ஒரு பங்கைத் தேடித்தான் கோடி கோடியாகக் கொட்டுகிறார்கள். ஆகவே, தோழர்களே, தெரியாத விமானம் என்று எவரேனும் சொன்னால் திருத்துங்கள்: அது தாமதமாகத் தெரியும் விமானம்!

மாஸ்கோவில் பிறந்த மூலம்

இந்தக் கலையின் மூலக் கணக்கு எங்கே பிறந்தது தெரியுமா? மாஸ்கோவில்! பியோத்தர் உஃபிம்ட்செவ் என்ற சோவியத் விஞ்ஞானி, பொருளின் விளிம்புகளில் பட்ட அலை எவ்விதம் சிதறும் என்பதைக் கணக்கிட்டு, 1962-இல் நூலாக வெளியிட்டார். படைக்குப் பயன்படாத ஏட்டுச் சுரைக்காய் என்று கருதியதாலேயே அதை வெளியிட அவரது நாடு தடை சொல்லவில்லை. 1971-இல் அமெரிக்க விமானப் படை அதை மொழிபெயர்த்தது. லாக்ஹீட் நிறுவனத்தின் கணித வல்லுநர் டெனிஸ் ஓவர்ஹோல்சர் அதைப் படித்தார். ‘இதுதான் நாம் தேடிய திறவுகோல்’ என்று கண்டுகொண்டார். 1977 டிசம்பர் முதல் நாள் முதல் சோதனை விமானம் பறந்தது. 1981-இல் எஃப்-117 பறந்தது. 1988 வரை அப்படியொன்று இருப்பதையே அமெரிக்க அரசு ஒப்புக்கொள்ளவில்லை. 1991-இல் பாக்தாத் நகரின்மேல் அது குண்டு வீசியபோது உலகம் வாய் பிளந்தது.

தன் வீட்டிலே விளைந்த அறிவை ஒரு வல்லரசு அலட்சியப்படுத்தியது. இன்னொரு வல்லரசு எடுத்து ஆயுதமாக்கியது. அறிஞனை மதிக்காத நாடு ஆயுதத்தை விலைக்கு வாங்கி ஈடுகட்ட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பழைய ஏவுகணையும் புதிய நட்பும்

அடுத்த காட்சி, 1999 மார்ச் 27-ஆம் நாள் இரவு, செர்பிய நாட்டில் புத்யானோவ்சி என்னும் சிற்றூருக்கருகே. வானத்திலே எஃப்-117. தரையிலே 1960-களில் சேவைக்கு வந்த பழைய சோவியத் ஏவுகணை. அந்தப் படைப்பிரிவின் தலைவர் சோல்டான் டானி. அவர் ராடாரைச் சில நொடிகளே இயக்குவார், உடனே நிறுத்துவார், ஓரிடத்தில் நில்லாமல் தளவாடத்தை மாற்றிக்கொண்டே இருப்பார். நீண்ட அலை ராடாருக்கு மறைவிமானத்தின் வேடம் ஓரளவு கலைந்து தெரியும் என்பதும் அவருக்கு உதவிற்று. ஏவுகணை பாய்ந்தது; விமானம் விழுந்தது! அதன் சிதைவுகள் இன்று பெல்கிரேடு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அதிலிருந்து குதித்துத் தப்பிய விமானி டேல் செல்கோவை அமெரிக்கப் படையினர் மீட்டனர். பல ஆண்டுகளுக்குப் பின் அவர் செர்பியாவுக்கே சென்றார். யாரைப் பார்க்க? தம்மைச் சுட்டு வீழ்த்திய டானியைப் பார்க்க! படையை விட்டு விலகிய டானி அப்போது ரொட்டி சுடும் தொழில் செய்துகொண்டிருந்தார். இருவரும் நண்பர்களாயினர், குடும்பங்களும் கூடிக் களித்தன. இரு மனிதருக்கிடையே பகையில்லை. பகையை மூட்டியவை அரசுகள். மூட்டிய பகைக்கு விலை சொன்னவை ஆயுதச் சாலைகள்.

அந்த விலையையும் கேளுங்கள். பி-2 என்னும் மறைவுக் குண்டு விமானம் 132 செய்யத் திட்டமிட்டு, 21-உடன் நிறுத்தினார்கள். ஆராய்ச்சிச் செலவையும் சேர்த்தால், ஒன்றின் விலை 200 கோடி டாலர்! 2008-இல் குவாம் தீவில் ஒரு பி-2 கிளம்பியவுடன் விழுந்து எரிந்தது. எதிரியின் குண்டாலா? இல்லை, உணர்கருவிகளில் புகுந்த ஈரத்தால்! எஃப்-22 விமானம் 750 வேண்டுமென்றார்கள்; படைப் பணிக்குக் கிடைத்தவை 187. எஃப்-35 உலகெங்கும் 1,000-க்கு மேல் கொடுக்கப்பட்டுவிட்டன. ஆனால் அமெரிக்காவின் கணக்குப்படி, அத்திட்டம் முழுவதற்கும் அதன் வாழ்நாளில் ஆகும் செலவு 2 லட்சம் கோடி டாலரைத் தாண்டுகிறது. வாங்கும் விலையைவிடப் பராமரிப்புச் செலவே பெரும்பங்கு. யானையை வாங்குவது எளிது, தோழர்களே. தீனி போடுவதல்லவா பெரும்பாடு!

ஏழை நாடுகளை அச்சுறுத்த மட்டுமே உதவுமா என்றால், அப்படியும் சொல்லிவிட முடியாது. 2025 ஜூன் 22-ஆம் நாள் ஏழு பி-2 விமானங்கள் அமெரிக்காவிலிருந்து கிளம்பி, ஈரான் நாட்டின் அணு நிலையங்கள்மீது 14 பெருங்குண்டுகளை வீசிவிட்டுத் திரும்பின. திருவனந்தபுரத்தில் ஒரு மறைவிமானம் மழையில் நனைந்துகொண்டிருந்த அதே நாட்களில்! ஆற்றலும் அதற்கு உண்டு. அவலமும் அதற்கு உண்டு. இரண்டையும் காண்பவனே தெளிந்தவன்.

எம்டன் முதல் சும்வால்ட் வரை

வானத்தை விட்டுக் கடலுக்கு வருவோம். “அவன் பெரிய எம்டன்” என்று இன்றும் நம் வீடுகளில் பாட்டிமார் சொல்கின்றனர். 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, ஜெர்மன் போர்க் கப்பல் எம்டன் சென்னையை நெருங்கி, அரை மணி நேரத்துக்குள் நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தது. எண்ணெய்க் கிடங்குகள் எரிந்தன. அது விழுந்த நினைவுக் கல் இன்றும் உயர்நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. அந்த எம்டனின் தந்திரம் என்ன? மூன்று புகைபோக்கி உடைய கப்பல், நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை மாட்டிக்கொண்டு, பிரிட்டிஷ் கப்பல் போல வேடமிட்டுப் பினாங்குத் துறைமுகத்தில் நுழைந்தது. அங்கிருந்த ருஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. பாருங்கள்! கான்வாசும் கட்டையும் கொண்டு செய்த மறைவு அது.

நூறாண்டு கழித்து, 2016-இல், அமெரிக்கா ‘சும்வால்ட்’ என்ற மறைவுக் கப்பலைக் கடற்படையில் சேர்த்தது. 15,000 டன்னுக்கு மேற்பட்ட எடை. ஆனால் பக்கங்களை உட்புறமாகச் சாய்த்துக் கட்டியிருப்பதால், ராடாரில் சிறு மீன்பிடிப் படகு போலத் தெரியும் என்றார்கள். கோமான் கூலிக்காரன் வேடமிட்டுக் கொண்டான்! இத்தகைய கப்பல் 32 கட்டத் திட்டம், செலவு எகிறியது, மூன்றோடு முடிந்தது. கப்பலுக்கு இரண்டு பீரங்கி. அந்தப் பீரங்கிக்கென்றே தனிக் குண்டு. கப்பலின் எண்ணிக்கை குறையவே, குண்டின் எண்ணிக்கையும் குறைந்தது. எண்ணிக்கை குறையவே, ஒரு குண்டின் விலை ஏறத்தாழ 8 லட்சம் டாலராக ஏறிற்று. ஒரு முறை சுட 8 லட்சம் டாலரா என்று மலைத்து, குண்டு வாங்குவதையே கைவிட்டார்கள். பீரங்கி உண்டு, குண்டு இல்லை! யானை வாங்கியவன் அங்குசம் வாங்க வழியின்றி நின்ற கதை. பிறகு அந்தப் பீரங்கியைக் கழற்றிவிட்டு, அதிவேக ஏவுகணைக்கு இடம் செய்யும் வேலையைத் தொடங்கினார்கள்.

கிழக்கே சீனம் அயராமல் கட்டுகிறது. உக்ரைனிலிருந்து பாதியில் நின்ற பழைய கப்பலொன்றை 1998-இல் வாங்கி, அதைச் செப்பனிட்டு 2012-இல் முதல் விமானந்தாங்கியாக்கியது. 2019-இல் இரண்டாவதைத் தானே கட்டியது. 2025 நவம்பரில் ‘ஃபூஜியான்’ என்ற மூன்றாவதைச் சேர்த்தது. அதிலே மின்காந்த விசையால் விமானத்தை எறியும் பொறி அமைத்தது. ஒரு தலைமுறைக்குள் பழைய இரும்பு வாங்கியவன் புதிய பொறி படைப்பவனாகிவிட்டான். இடையறாத கல்வியும் ஆலையும் அதற்குக் காரணம்.

ஆனால் பெருங்கப்பல்தான் பெருவலிமையா? 2022 ஏப்ரல் 14-ஆம் நாள், ருஷ்யக் கருங்கடல் கடற்படையின் தலைமைக் கப்பல் ‘மோஸ்க்வா’ மூழ்கிற்று. எங்கள் இரண்டு ஏவுகணைகள் தாக்கின என்றது உக்ரைன்; தீ விபத்து என்றது ருஷ்யா. எப்படியாயினும் கப்பல் கடலடியில்! சொல்லத்தக்க கடற்படையே மிஞ்சாத உக்ரைன், ஆளில்லாச் சிறு படகுகளில் வெடிமருந்தை நிரப்பி ஏவிற்று. 2024 பிப்ரவரியில் ‘இவானோவெட்ஸ்’ என்னும் ஏவுகணைக் கப்பல் அவ்விதம் வீழ்ந்தது. ருஷ்யக் கப்பல்கள் செவஸ்தபோல் துறைமுகத்தை விட்டுக் கிழக்கே ஒதுங்க நேர்ந்தது. மலையைப் பிளப்பதற்குச் சிற்றுளி போதும் என்று நம் முன்னோர் சொன்னதை, கருங்கடல் இப்போதுதான் கற்றுக்கொண்டது.

மூழ்கியது கப்பல், மடிந்தவர் யார்?

திருவனந்தபுரத்துக்கு விமானத்தை அனுப்பிய கப்பலின் பெயர் ‘பிரின்ஸ் ஆப் வேல்ஸ்’ என்றேன். அதே பெயரில் முன்னொரு கப்பல் இருந்தது. மலேயாவைக் காக்கச் சென்ற மாபெரும் போர்க் கப்பல். மூழ்கடிக்க முடியாதது என்று முரசறைந்தார்கள். 1941 டிசம்பர் 10-ஆம் நாள், ஜப்பானிய விமானங்கள் அதையும் ‘ரிப்பல்ஸ்’ என்ற துணைக் கப்பலையும் சில மணி நேரத்தில் மூழ்கடித்தன. 800-க்கு மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது.

அதோடு கதை முடிந்ததா? துரைமார்களின் கப்பலை நம்பி ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த நம் தமிழர் இருந்தார்களே, அவர்கள் என்ன ஆனார்கள்? ஜப்பானியர் அவர்களைச் சயாம் காட்டுக்கு இழுத்துச் சென்றனர். ரயில் பாதை போடச் சொன்னார்கள். காலராவும் பட்டினியும் சவுக்கடியும் சேர்ந்து, பல்லாயிரம் பேரை அந்தப் பாதையோரத்தில் புதைத்தன. கப்பலின் விலையை இலண்டன் கணக்கெழுதிற்று. கூலிக்காரன் சாவை எவரும் சரிவர எண்ணவுமில்லை! தோழர்களே, ஆயுதத்தைப் பற்றி நாம் ஏன் பேச வேண்டும் என்று கேட்டீர்களே, இதற்காகத்தான். ஆயுதம் வென்றாலும் தோற்றாலும், இறுதியில் விலை கொடுப்பவன் அதை வாங்கச் சொன்னவன் அல்லன்.

என்ன கேட்க வேண்டும்?

“அப்படியானால் படையே வேண்டாமா? அண்டை நாடு வாங்கும்போது நாம் கைகட்டி நிற்பதா?” என்று கேட்பார்கள். படை வேண்டாமென்று சொல்ல நான் வரவில்லை. கதவில்லாத வீட்டில் குடியிருக்கச் சொல்பவன் அல்லன் நான். ஆனால் கதவு செய்யும் தச்சன் நம் வீட்டில் இருக்க வேண்டாமா?

துருக்கியைப் பாருங்கள். எஃப்-35 திட்டத்தில் பங்காளி. உதிரிப் பாகமும் செய்து கொடுத்தது. ருஷ்யாவிடம் வான்காப்பு ஏவுகணை வாங்கிற்று என்பதற்காக, 2019 ஜூலையில் வெளியே தள்ளினார்கள். பிறகு ‘கான்’ என்ற விமானத்தைத் தானே செய்து 2024 பிப்ரவரியில் பறக்கவிட்டது. அதற்குள்ளே இருக்கும் என்ஜின் மட்டும் இன்னும் அமெரிக்காவுடையது! இந்தியாவின் நிலை என்ன? 1989-இல் ‘காவேரி’ என்ற ஜெட் என்ஜின் திட்டம் தொடங்கியது. 2008-இல் அதைத் தேஜஸ் விமானத்திலிருந்து பிரித்துவிட்டார்கள். 2021-இல் அமெரிக்காவிடம் 99 என்ஜின்களுக்கு ஒப்பந்தம் செய்தார்கள். முதல் என்ஜின் 2025 மார்ச்சில்தான் வந்தது. இப்போது மறைவிமானம் செய்ய 2024 மார்ச்சில் ஏறத்தாழ 15,000 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தரப்பட்டிருக்கிறது. மகிழ்ச்சி, ஆனால் இதயத்தை இரவல் வாங்கி எத்தனை நாள் ஓடுவது?

முடியாது என்றும் சொல்ல முடியாது. 2022 செப்டம்பரில் கொச்சியில் சேவைக்கு வந்த ‘விக்ராந்த்’ கப்பலுக்கு வெளிநாட்டு உருக்கு கிடைக்காதபோது, இங்குள்ள விஞ்ஞானிகளே அந்த உருக்கை உருவாக்கினர். ஊக்கமும் காலமும் கொடுத்தால் நம் ஆய்வுக்கூடம் சாதிக்கும் என்பதற்கு அந்தக் கப்பலின் ஒவ்வொரு தகடும் சாட்சி.

ஆகவே கேளுங்கள்! புது ஆயுதம் என்று முரசறையும்போது, முதல் விலையோடு வாழ்நாள் செலவு எவ்வளவு என்று கேளுங்கள். சாவி யார் கையில் இருக்கிறது, செய்தவனிடமா நம்மிடமா என்று கேளுங்கள். அதே பணத்தில் எத்தனை ஆய்வுக்கூடம், எத்தனை பள்ளி என்று கேளுங்கள். இது கோழையின் கேள்வி என்று எவரேனும் ஏளனம் செய்தால், ஒரு பெயரைச் சொல்லுங்கள்: ஐசனோவர்! இரண்டாம் உலகப் போரில் படை நடத்திய தளபதி. அமெரிக்கக் குடியரசுத் தலைவர். 1953 ஏப்ரலில் அவரே நாட்டாருக்குக் கணக்குச் சொன்னார்: ஒரு பெரிய குண்டு விமானத்தின் விலையில் முப்பதுக்கு மேற்பட்ட நகரங்களுக்கு ஒவ்வொரு பள்ளிக்கூடம் கட்டலாம் என்று. வாளெடுத்தவனே வாளின் விலையைச் சொல்லும்போது, வரி கொடுப்பவன் கேட்கக் கூடாதா?

இன்னொன்று. சும்வால்ட் கப்பலின் குண்டுக் கதையும், எஃப்-35-இன் செலவுக் கதையும் நமக்கு எப்படித் தெரிந்தன? ஒற்றன் சொல்லியா? இல்லை; அந்நாட்டு மன்றமும் தணிக்கையாளரும் ஏட்டிலே எழுதி வெளியிட்டதால்! ராடாரிலிருந்து விமானத்தை மறைப்பது படையின் கடமை; அதைக் குறை சொல்லமாட்டேன். மக்களிடமிருந்து கணக்கை மறைப்பது எவருடைய கடமையும் அன்று. அலைவரிசை இரகசியமாக இருக்கட்டும். அடக்க விலை இரகசியமாக இருக்கலாகாது.

மேடைக் கண்ணாடியை நினைவில் வையுங்கள். ஒரு சாண் திருப்பினால் ஒளி திரும்பி வராது. நாட்டு நடப்பையும் அப்படித் திருப்பி வைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்; நாம் வீசும் கேள்வி எங்கோ பக்கவாட்டுத் திரைக்குப் போய்விடுகிறது. டானி என்ன செய்தார்? சளைக்காமல், இடம் மாறி மாறி நின்று பார்த்தார். நீங்களும் அவ்விதம் பாருங்கள். ஒரு கோணத்தில் பதில் வராவிட்டால் இன்னொரு கோணத்தில் நின்று கேளுங்கள். எந்த மறைவும் எல்லாக் கோணத்திலும் மறைவாக இருக்க முடியாது!